பாரமிழுக்கும் வண்டிகளும் கியர்ப்பெட்டி எண்ணெயின் வெப்பமும்

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள புல்ஹெட் நகரிலிருந்து கிழக்கு நோக்கி மலையேறிச் செல்வது மாநில நெடுஞ்சாலை 68. அருகிலுள்ள அணையின் பெயரால் இதனை ‘டேவிஸ் அணை ஏற்றம்’ என வழங்குவர். பார்வைக்கு இது சாதாரணமான ஒரு பாலைநில வீதி. எனினும் பதினொரு மைலுக்குச் சற்று அதிகமான தூரத்திலே ஏறத்தாழ 3,000 அடி உயர்ந்துவிடுவதும், கோடையில் அங்கு வெப்பநிலை 100 பாகை பரனைற்றை, அதாவது 38 பாகை செல்சியஸை, எளிதிற் கடந்துவிடுவதும் மோட்டார்ப் பொறியியலாளரின் கவனத்தை அதன்பால் ஈர்த்தன. எஸ்.ஏ.ஈ. எனப்படும் பொறியியலாளர் அமைப்பு 2008இல் வெளியிட்ட ஜே 2807 என்னும் நியமம், பாரமிழுக்கும் வண்டியொன்றின் தகைமையை இவ்வேற்றத்தை உரைகல்லாகக் கொண்டே தீர்மானிக்கின்றது. புறவெப்பநிலை 100 பாகை பரனைற்றாக இருத்தல் வேண்டும். வண்டியினுட் குளிரூட்டி முழு அளவில் இயங்குதல் வேண்டும். உரிய பாரத்தைப் பின்னால் இழுத்தவாறு மணிக்கு 40 மைலுக்குக் குறையாத கதியில் ஏறி முடித்தல் வேண்டும். பின்னச்சில் இரட்டைச் சில்லுள்ள வண்டிகளுக்கு மட்டும் 35 மைல் போதுமென விதிக்கப்பட்டுள்ளது.

இந்நியமம் வருமுன்னர் தமது பிக்கப் வண்டி எவ்வளவு பாரத்தை இழுக்கும் என்பதனை ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த அளவுகோலாலேயே அளந்து விளம்பரஞ் செய்தது. 2011ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து ரொயோற்றா இதனை முதலில் ஏற்றுக்கொண்டது. டெற்றோயிற்றின் மூன்று பெரும் நிறுவனங்களும் 2015ஆம் ஆண்டு மாதிரிகள் வரை காலந்தாழ்த்தின. ஏற்றுக்கொண்டபோது சில வண்டிகளுக்கு முன்னர் அறிவிக்கப்பட்டிருந்த எண்கள் குறைந்தன. வண்டிகள் மெலிந்துவிடவில்லை, அளவுகோல் நேரானது, அவ்வளவே. வாங்குவோன் நம்பிய எண்ணுக்கும் மலையில் வண்டி தாங்கக்கூடிய எண்ணுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டிற்குப் பல சந்தர்ப்பங்களில் விலை கொடுத்தது கியர்ப்பெட்டியே. அதன் வெப்பம் எங்கிருந்து பிறக்கின்றது, அதனை எவ்வாறு அகற்றலாம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

தானியங்கிக் கியர்ப்பெட்டியில் எஞ்சினையும் சில்லுகளையும் இணைப்பது முறுக்கமாற்றி என்னும் உறுப்பாகும். இதன் மூலக்கருத்து மோட்டார் வண்டிக்கெனத் தோன்றியதன்று. ஸ்ரெற்றின் நகரின் வுல்கான் கப்பற்றளத்திற் பணியாற்றிய ஜேர்மனியப் பொறியியலாளர் ஹேர்மன் பொற்றிங்கர், நீராவிச் சுழலியின் அதிவேகச் சுழற்சியைக் கப்பலின் மெதுவான விசிறிக்கு மாற்றுவதற்காக 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெய் நிறைந்த ஒரு கூட்டினுள் எதிரெதிராக அமைந்த இரு அலகுச் சக்கரங்கள். ஒன்றினை எஞ்சின் சுழற்றுகின்றது. அது வீசும் எண்ணெய் மற்றையதன் அலகுகளில் மோதி அதனைச் சுழற்றுகின்றது. இடையே நிற்கும் மூன்றாவது சக்கரம் திரும்பிவரும் எண்ணெயின் திசையை மாற்றி முறுக்கத்தைப் பெருக்கித் தருகின்றது. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் வந்த ஹைட்ராமற்றிக் கியர்ப்பெட்டியில் முறுக்கத்தைப் பெருக்காத எளிய பாய்மப்பிணைப்பே இருந்தது. 1948இல் வந்த பியூக் டைனபுளோவிலே முறுக்கமாற்றி இடம்பெற்றது.

இரும்போடு இரும்பு பிணைவதற்கும் எண்ணெயோடு எண்ணெய் பிணைவதற்கும் உள்ள வேறுபாடே எமது பிரச்சினையின் ஊற்றாகும். இரு சக்கரங்களும் ஒரே கதியிற் சுழன்றால் முறுக்கம் கடத்தப்படமாட்டாது. ஆகவே இரண்டாவது சக்கரம் எப்போதும் சற்றுப் பின்தங்கியே ஆகவேண்டும். இப்பின்தங்கலை வழுக்கல் என்போம். வழுக்கலில் இழக்கப்படும் சக்தி எண்ணெயின் உள்ளுராய்வினால் வெப்பமாகின்றது. வண்டி நின்றிருக்க எஞ்சின் உறுமும் நிலையிலோ எஞ்சினின் வலு முழுவதுமே வெப்பமாகின்றது. றெயிலரைப் புற்றரையில் மேட்டை நோக்கி மெல்ல மெல்லப் பின்செலுத்துகின்ற சாரதி, நெடுஞ்சாலையிற் பாரத்துடன் விரைபவனைவிடக் கூடுதலான வெப்பத்தை எண்ணெயில் ஏற்றிவிடக்கூடும் என்பது பலர் அறியாத உண்மை. அங்கே காற்றோட்டமும் இல்லை.

வழுக்கலை ஒழிக்கும் வழி பழையதே. 1949இன் பக்கார்ட் அல்ட்ராமற்றிக்கில், கதி நிலைத்ததும் இரு சக்கரங்களையும் நேரடியாகப் பிணைக்கும் பூட்டுக்கிளச்சு இருந்தது. பின்னர் இது கைவிடப்பட்டது. எரிபொருள் மலிவாக இருந்த காலத்தில் அதனைச் சேமிக்கும் உறுப்புக்கு மதிப்பிருக்கவில்லை. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், 1978ஆம் ஆண்டு மாதிரிகளிற் கிறைஸ்லர் அதனை மீண்டும் கொண்டுவந்தது, ஏனையோர் தொடர்ந்தனர். எரிபொருளுக்காக வந்த இவ்வுறுப்பே வெப்பத்திற்கும் முதன் மருந்தாயிற்று.

இதனைக் கணித்துப் பார்த்தல் தகும். 2,500 கிலோகிராம் நிறையுள்ள பிக்கப் ஒன்று 3,500 கிலோகிராம் நிறையுள்ள றெயிலரை இழுத்து, மேற்கூறிய ஏற்றத்தில் 900 மீற்றர் உயர்வதாகக் கொள்வோம். புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யப்படும் வேலை மட்டும் ஏறத்தாழ 530 இலட்சம் யூல். மணிக்கு 40 மைல் கதியில் ஏற்றம் முடிய 17 நிமிடங்கள் ஆகும். ஆகவே உயர்வதற்கு மட்டும் ஏறத்தாழ 52 கிலோவாற்று வலு தேவை. சில்லுகளின் உருளல் தடைக்கும் காற்றுத் தடைக்கும் மேலும் 25 கிலோவாற்று என மதிப்பிடலாம். மொத்தம் 77 கிலோவாற்று கியர்ப்பெட்டியைக் கடந்து வெளிவரவேண்டும். முறுக்கமாற்றி பூட்டப்படாத நிலையிற் கியர்ப்பெட்டியின் திறன் 85 சதவீதம் எனக்கொண்டால், எஞ்சின் 90 கிலோவாற்றுக்கு மேல் வழங்க, அதில் 13½ கிலோவாற்று வெப்பமாகின்றது. அதாவது, ஒரு கிலோவாற்று வலுவுள்ள பதின்மூன்று மின்னடுப்புகளைக் கியர்ப்பெட்டியினுள் எரியவிட்டதற்கு ஒப்பாகும். பூட்டப்பட்ட நிலையில் திறன் 94 சதவீதமாயின் வெப்பம் 5 கிலோவாற்றளவே. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு!

கியர்ப்பெட்டியிலுள்ள எண்ணெய் பத்து லீற்றர், அதாவது எட்டரைக் கிலோகிராம் அளவு எனவும் அதன் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கும் பாகைக்கும் 2.1 கிலோயூல் எனவும் கொள்வோம். 13½ கிலோவாற்று முழுவதும் எண்ணெயிலேயே தங்குமாயின் வெப்பநிலை ஒரு செக்கனுக்கு முக்காற் பாகை உயரும். கூட்டின் அலுமினியமும் உள்ளிருக்கும் உருக்கும் வெப்பத்திற் பங்குகொள்வதால் இது நிமிடத்திற்குப் பதினொரு பாகை அளவாகத் தணியும். அப்போதும் 90 பாகை செல்சியஸில் மலையடிவாரத்தை விட்ட எண்ணெய் ஐந்து நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட நேரத்திலே 150 பாகையை எட்டிவிடும். ஏற்றமோ பதினேழு நிமிடங்கள். எண்ணெயைக் குளிர்த்தல் ஒரு மேலதிக வசதியன்று, பயணத்தின் நிபந்தனையே என்பது இதனாற் பெறப்படும்.

சூடேறிய எண்ணெய்க்கு நேர்வது யாது? அது ஒட்சியேற்றமடைகின்றது, அமிலங்களும் அரக்குப் போன்ற படிவும் உண்டாகின்றன, வால்வுகள் ஒட்டிக்கொள்கின்றன, றப்பர் அடைப்புகள் இறுகி வெடிக்கின்றன. கிளச்சுத் தட்டுகளின் மேற்பூச்சு பெரும்பாலும் செலுலோசு நாரினாலும் பிசினாலும் ஆகிய ஒருவகைத் தாளாதலால் இறுதியில் அது கருகுகின்றது. எண்ணெயின் செந்நிறம் கபிலமாகிக் கருகல் மணம் எழும்போது நோய் முற்றிவிட்டது எனலாம். அமெரிக்கப் பட்டறைகளில் ஓர் அட்டவணை வழங்கிவருகின்றது. 175 பாகை பரனைற்றில் எண்ணெய் ஓர் இலட்சம் மைல் உழைக்கும். அதற்குமேல் ஒவ்வொரு 20 பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது அதன் சாரம். சுவாந்தே அரீனியசு 1889இல் இரசாயனத் தாக்கவீதம் வெப்பநிலையுடன் உயரும் முறைமைக்குத் தந்த விதியின் பாமர வடிவம் என இதனைக் கொள்ளலாம். ஆயினும் இதனை வேதவாக்காகக் கொள்ளுதல் தவறு. பழைய கனிய எண்ணெய்களைக் கருதி எழுந்த அட்டவணை இது. இன்றைய செயற்கை எண்ணெய்கள் இதனிலும் அதிகம் தாங்குவன. கூலர் விற்போரின் கையில் இவ்வட்டவணை ஒரு பயங்காட்டும் கருவியாகவும் பயன்பட்டுள்ளது. விதியின் போக்கு உண்மை. எண்கள் எல்லா எண்ணெய்க்கும் உரியனவல்ல.

எண்ணெயைப் பற்றிப் பேசுகையில் ஒரு கிளைச்செய்தியையும் சொல்லாது விடுவதற்கில்லை. ஜெனரல் மோட்டோர்ஸ் 1949இல் வகுத்த ‘ரைப் ஏ’ எண்ணெயிலும், 1967இல் வந்த டெக்ஸ்றன் எண்ணெயிலும் கிளச்சுத் தட்டுகள் வழுவழுப்பாகப் பற்றுவதற்கெனச் சேர்க்கப்பட்ட பொருள் திமிங்கில எண்ணெயாகும். அம்பர் தரும் பெருந்தலைத் திமிங்கிலத்திலிருந்து, எமது திருக்கோணமலைக் கடலில் இன்றும் காணத்தக்க அதே இனத்திலிருந்து, அது பெறப்பட்டது. சாதாரண கொழுப்பெண்ணெய்களைப் போலன்றி இது பெரும்பாலும் திரவ மெழுகாதலால் வெப்பத்தில் எளிதிற் சிதையாது. 1970இல் அமெரிக்கா இவ்வினத்தை அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பட்டியலிற் சேர்த்ததும் இறக்குமதி தடைப்பட்டது. அவசரமாக இயற்றப்பட்ட மாற்றுக் கலவைகளுட் சில, கூலர்க் குழாய்களின் உலோக இணைப்புகளை அரித்தமையால் 1970களின் நடுப்பகுதியில் அவற்றையும் திருத்தவேண்டியதாயிற்று. கப்பல் நிறையக் கொன்று குவித்த உயிரொன்றின் உடற்பண்பு, நகர வீதியிற் கியர் மாறும்போது பயணி குலுங்காதிருப்பதற்குப் பயன்பட்டது என்பதை அவ்வண்டிகளைச் செலுத்தியோருள் எத்தனைபேர் அறிந்திருப்பர்? மாற்றாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று ஹொஹோபா என்னும் பாலைநிலப் புதரின் விதையெண்ணெய். அப்புதரின் தாயகங்களுள் அரிசோனாவும் ஒன்று.

இனிக் குளிர்த்தும் முறைக்கு வருவோம். பட்டறைகளிற் ‘கூலர்’ என வழங்கும் சொல்லையே நாமும் கையாள்கின்றோம். தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான வண்டிகளில், எஞ்சினின் றேடியேற்றர்த் தொட்டியினுள்ளே ஒரு சிறு கூலர் அமைந்திருக்கும். கியர்ப்பெட்டி எண்ணெய் அதனூடாகப் பாய்ந்து சூழவுள்ள நீருக்கு வெப்பத்தைக் கொடுக்கின்றது. திரவத்திற்கு வெப்பங் கொடுப்பது காற்றிற்குக் கொடுப்பதிலும் எளிது. ஆதலால் இது சிறிதாயினும் வல்லது. குளிர்காலத்தில் எண்ணெயை விரைவில் இளஞ்சூடாக்கும் நன்மையும் இதற்குண்டு. ஆயின் இதன் எல்லை அடிப்படையானது. வெப்பம் கூடிய வெப்பநிலையிலிருந்து குறைந்ததற்கே பாயும். மலையேறும் எஞ்சினின் நீர் தானே 100 பாகை செல்சியஸை அண்மியிருக்கும்போது எண்ணெய் அதற்குக் கீழே இறங்குதல் இயலாது. எண்ணெய் மிகச் சூடாகும் அதே வேளையிலேதான் நீரும் மிகச் சூடாகின்றது என்பது இவ்வமைப்பின் அவலம்.

றேடியேற்றருக்கு முன்னால் தனியாகப் பொருத்தப்படும் காற்றுக் கூலரின் பெறுமதி இங்கேதான் விளங்கும். அதன் எதிரிலுள்ளது 100 பாகை நீரன்று, 38 பாகைக் காற்று. எண்ணெய் முதலில் றேடியேற்றர்க் கூலரையும் பின்னர் காற்றுக் கூலரையும் கடந்து கியர்ப்பெட்டிக்குத் திரும்புமாறு இணைத்தலே பொதுவாக ஏற்ற முறை. ஒழுங்கு மாறினால், காற்றினால் 70 பாகைக்குக் குளிர்ந்த எண்ணெயை நீர் மறுபடி சூடேற்றி அனுப்பிவிடும். கடுங்குளிர்ப் பிரதேசங்களில் வேண்டுமென்றே இவ்வொழுங்கைத் தலைகீழாக்குவோர் உளர். அவர்களுக்கு அது நியாயமே. நீர்க் கூலரை முற்றாக விலக்கிக் காற்றுக் கூலரை மட்டும் நம்புவோர்க்கோ மணலிலும் சேற்றிலும் மெல்ல நகரும்போது காற்று கிடையாது என்பதை நினைவூட்ட விரும்புகின்றோம்.

கூலர்களின் அமைப்பு வேறுபாடும் வெறும் வியாபாரப் பேச்சன்று. மலிவானது, வளைத்து மடித்த ஒரே குழாயைச் சுற்றிச் செட்டைகள் பொருத்தப்பட்டது. எட்டு மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயில் நிமிடத்திற்கு எட்டு லீற்றர் எண்ணெய் பாய்கையில், 90 பாகையில் அதன் ரேனோல்ட்ஸ் எண் ஏறத்தாழ 2,500. 60 பாகையிற் பிசுக்குமை கூடுவதால் 1,250 அளவாகக் குறையும். ஒஸ்போர்ன் ரேனோல்ட்ஸ் 1883இல் மான்செஸ்ரரிற் காட்டியவாறு, குழாயில் இவ்வெண் 2,300 அளவிற்குக் கீழ் இருப்பின் பாய்ச்சல் அருவிக்கோட்டுப் பாய்ச்சலாகும். சுவரையொட்டிய எண்ணெய் குளிர்ந்து தடித்துச் சுவரிலேயே தங்க, நடுவிலுள்ள சூடான எண்ணெய் சுவரைத் தீண்டாமலே வெளியேறிவிடுகின்றது. எண்ணெய் குளிரக் குளிரக் கூலரின் ஆற்றல் குன்றும் முரண் இதனால் விளைவது. தட்டையான பல தட்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றினுள்ளும் எண்ணெயைக் குழப்பும் நெளிதகடுகளை வைத்த வகை இக்குறையைப் பெரிதும் நீக்குகின்றது. விலையும் அதற்கேற்பக் கூடும். கூலர்ப் பெட்டிகளின்மேல் இத்தனை இறாத்தல் வண்டிக்கு உகந்தது என அச்சிடப்பட்டிருக்கும் எண்ணை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. எந்த எண்ணெய்ப் பாய்ச்சலில், எந்த வெப்பநிலை வேறுபாட்டில், எத்தனை கிலோவாற்று வெப்பத்தை அது அகற்றும் என்பதே கேள்வி. அதற்கு விடை தராத எண் விளம்பரமே.

பாய்ச்சலின் முக்கியத்துவம் பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. நிமிடத்திற்கு எட்டு லீற்றர் எண்ணெய் ஒவ்வொரு பாகை குளிரும்போதும் கால் கிலோவாற்றுக்குச் சற்றுக் குறைந்த வெப்பமே அகலும். ஆகவே 13½ கிலோவாற்றை அகற்ற எண்ணெய் ஏறத்தாழ 60 பாகை குளிரவேண்டும். 120 பாகையில் வரும் எண்ணெய் நீர்க் கூலரில் 105 ஆகி, காற்றுக் கூலரில் 60 ஆகவேண்டும். தரமான கூலருக்கு இது கடினமாயினும் இயலாததன்று. பூட்டுக்கிளச்சு பிணைந்திருப்பின் 20 பாகைக்குச் சற்றுமேற் குளிர்ந்தாலே போதும். எனவே கூலரை மாற்றுமுன் செய்யத்தக்க செலவற்ற காரியம், ஏற்றத்தில் உயர் கியரைப் பற்றிக்கொண்டிராது ஒரு கியர் இறக்குவதாகும். எஞ்சின் விரைந்து சுழலும்போது அதே வலுவுக்குக் குறைந்த முறுக்கம் போதுமாதலால் பூட்டுக்கிளச்சு விடுபடாது நிற்கும். இன்றைய வண்டிகளில் உள்ள ‘இழுவை’ப் பொத்தான் பெரிதும் செய்வது இதனையே. எஞ்சின் இரைவதைக் கேட்டு அஞ்சிக் கியரை உயர்த்தும் சாரதியே கியர்ப்பெட்டியைச் சமைப்பவன்.

அளவுக்கு மீறிய கூலரும் தீங்கு செய்யும். டெக்ஸ்றன் மூன்றாம் வகை எண்ணெயின் பிசுக்குமை 40 பாகை செல்சியஸ் உறைகுளிரில் 20,000 மில்லிபாஸ்கல் செக்கன் வரை இருக்க அனுமதி உண்டு. தேனினும் தடித்த நிலை அது. அத்தகைய எண்ணெய் நுண்வழிகளூடு பாயாது. பாயாவிடின் கூலரிலிருந்து திரும்பும் எண்ணெயால் மசகிடப்படும் பகுதிகள் வறளும். எண்ணெய் சூடாகும்வரை கூலரைச் சுற்றிச் செல்லவிடும் வெப்பநிலை வால்வு இதற்குப் பரிகாரம். வேறு சில நடைமுறைகளைச் சுருக்கமாகக் குறிப்பிடுவோம். கூலரைச் செட்டைகளூடு செருகும் பிளாஸ்ரிக் கம்பிகளால் அன்றி உலோகத் தாங்கிகளாற் பொருத்துதல் வேண்டும். அதிர்வினாற் கம்பி குழாயை அராவிவிடும். சூடான கியரெண்ணெய்க்கென ஆக்கப்பட்ட றப்பர்க் குழாயையே பயன்படுத்தல் வேண்டும். கூலரும் குழாய்களும் கொள்ளும் எண்ணெயை ஈடுசெய்து மட்டத்தைச் சூட்டிலே மீண்டும் பார்த்தல் வேண்டும். கியர்ப்பெட்டி ஒருமுறை பழுதாகியிருப்பின், பழைய கூலரினுள் உலோகத் துகள்கள் ஒளிந்திருக்கும். கழுவுவதை நம்பாது மாற்றிவிடுதல் நன்று. றேடியேற்றரினுட் கூலர் ஓட்டையாகி நீரும் கிளைக்கோலும் எண்ணெயிற் கலந்தால், எண்ணெய் இளஞ்சிவப்புப் பாலாகித் தட்டுகளின் பசையை இளக்கிவிடும். அந்நிலையில் வண்டியை மேலும் ஒரு மைல்கூடச் செலுத்தலாகாது.

வெப்பமானி பற்றி எமக்கு ஓர் ஆதங்கம் உண்டு. பல வண்டிகளிற் சாரதிக்குக் காட்டப்படுவது ஓர் எச்சரிக்கை விளக்கு மட்டுமே. அது எரியும்போது தீங்கு தொடங்கிவிட்டிருக்கும். முள்ளுள்ள வெப்பமானி பொருத்தப்பட்ட இடத்திலும், பரந்த ஒரு வெப்பநிலை வீச்சு முழுவதிலும் முள் நடுவிலேயே அசையாது நிற்குமாறு அமைப்பதுண்டு. முள் அசைந்தால் வாடிக்கையாளர் முறையிட வருவார் என்பதே காரணம். எண்ணெய் மட்டம் பார்க்கும் கோலும் பல புதிய வண்டிகளில் இல்லை. குதிரைக்கும் வீட்டுப்படகுக்கும் மட்டுமன்றி, வைக்கோலும் கருவிகளும் ஏற்றிப் பிழைப்பு நடத்துவோர்க்கும் உரியவை இவ்வண்டிகள். அத்தகையோருக்குக் கியர்ப்பெட்டி ஒன்றின் அழிவு பல மாத உழைப்பின் அழிவு. எண்ணெய் எத்தனை பாகையில் உள்ளது என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்படுவதற்கு எந்தப் பொறியியல் நியாயமும் இருப்பதாக நாம் காணவில்லை. கூலரைவிட முன்னதாக வாங்கத்தக்கது, எண்ணைப் பாகையிற் காட்டும் ஒரு வெப்பமானியே. எண்ணெய் 95 பாகை செல்சியஸிற்கு உட்பட்டு ஏறி முடிக்கும் வண்டிக்கு மேலதிகக் கூலர் தேவையில்லை.

கூலர் பொருத்தியவர்கள் இனிக் கூடுதற் பாரம் இழுக்கலாம் எனக் கருதுவதுண்டு. நிறுவனம் விதித்த பாரத்தின் எல்லை கியர்ப்பெட்டியின் வெப்பத்தால் மட்டும் வகுக்கப்பட்டதன்று. பின்னச்சு, சட்டகம், இணைகொளுவி, தடுப்பு ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். அதே நெடுஞ்சாலை 68இல் மேலிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் வண்டியின் கியர்ப்பெட்டி எண்ணெய் ஆறிக்கொண்டிருக்கும். ஏறும்போது சேமித்த 530 இலட்சம் யூலில் உருளல் தடையும் காற்றுத் தடையும் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதைக் குறைந்த கியரிலுள்ள எஞ்சின் ஓரளவு தாங்க, மீதி முழுவதும் தடுப்புத் தட்டுகளில் வெப்பமாக இறங்கும். அவ்வெப்பத்தில் ஒரு யூலைக்கூட இக்கூலர் தொடுவதில்லை.